கடைசி ஆள் சாப்பிடும்வரை

திருவண்ணாமலையில் பேகோபுரத் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜினசந்திரன் வீட்டு முற்றத்தில் மட்டும், வீட்டுக்குள் இருக்கிற கடைசி ஆள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சூரியன் மறையும். எல்லோரும் நேரத்தோடு சாப்பிட்டுவிட்டால் ஊரோடு ஒத்து மறைந்துவிடும். யாராவது பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்து சேர்ந்தால், அவர் கை கால் கழுவி, உட்கார்ந்து, மோர்ச்சோறு முடித்து ஏப்பம் விடும்வரை மலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் நின்று காத்திருக்கும். வாசற்படி தாண்டிச் சந்தில் இறங்கினால் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். திரும்பி உள்ளே வந்தால் கண் கூசும். நூற்றெழுபது வருஷமாக இப்படித்தான் நடக்கிறது.

வீட்டைக் கட்டியவர் அப்பாண்டை நயினார் என்கிற சமணர். சமணர்கள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. விளக்கைத் தேடி வந்து சோற்றில் விழுகிற பூச்சிக்கும் உயிர் இருக்கிறதல்லவா? ஆரணி, வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டைகளோடு வண்டி கட்டி வந்த சமண நயினார்களுக்கு இந்த ஊரில் ஒரு சங்கடம் இருந்தது. மேற்கே மலை நிற்பதால் மற்ற ஊர்களைவிடச் சில நிமிடம் முன்னதாகவே வெயில் போய்விடும். மலை மறைத்தால் அது பொழுது சாய்ந்த கணக்கா, இல்லையா என்று இரண்டு கட்சிகள் உண்டாயின. இல்லை என்ற கட்சி சாப்பிட்டது. ஆம் என்ற கட்சி பட்டினியாகப் படுத்துக்கொண்டு, சாப்பிட்ட கட்சியை விடிய விடியத் திட்டியது. இந்தச் சண்டையைக் கேட்டுக் காது புளித்துப்போன அப்பாண்டை நயினார், வந்தவர்களுக்குச் சோறு போடவென்றே முற்றம் வைத்து ஒரு வீடு கட்டினார். புதுமனை புகுந்த அன்று, இந்த வீட்டில் பசியோடு ஒருத்தர் இருக்கிறவரைக்கும் பொழுது சாயாது என்று நாலு பேர் நடுவில் சொன்னார். விருந்தோம்பலைப் பற்றித்தான் சொன்னார். சூரியன் அதை வாக்காகவே எடுத்துக்கொண்டது.

ஊர் இதற்குப் பழகிவிட்டது. விருந்தாளி வருகிற நாளில், ஈரம் காயாத வடாம் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறு மணிக்கு மேல் வந்து முற்றத்தில் பரப்புவார்கள். மலைமேல் குகைப் பாதையில் இறங்குகிறவர்கள் இருட்டிய ஊருக்கு நடுவே ஒரே ஒரு சதுரம் பளிச்சென்று தெரிவதைப் பார்த்து, நயினார் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நடப்பார்கள். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கும் ஒரு வெள்ளைக்காரர் வாரம் தவறாமல் வந்து கண்ணை மூடி முற்றத்தில் உட்காருவார். கண்ணை மூடிக்கொள்வதற்கு வெளிச்சம் எதற்கு என்று சந்தில் பூ விற்கும் காசியம்மாள் கேட்டாள். அவருக்குத் தமிழ் தெரியாது; வணக்கம் சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ஜினசந்திரன் கணக்கு வாத்தியார். தினமும் சூரியன் மறையும் நேரத்தைச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்து, மலை மறைக்கிற சில நிமிடத்தையும் கூட்டி, பஞ்சாங்கத்தோடு ஒப்பிடுவது அவருடைய வழக்கம். கல்லூரிக் காலத்திலிருந்து குறிக்கிறார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் வருஷம் வரை, விருந்தாளி இல்லாத நாட்களில் இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தின. அந்த வருஷம் ஆனி மாதம் அவருக்குக் கல்யாணம் ஆனது. பெண் வீட்டுச் சீரோடு ஒரு புதுக் கடிகாரம் வந்து பழையதன் ஆணியில் ஏறியது. அன்றுமுதல் விருந்தாளியே இல்லாத நாட்களிலும் சூரியன் பத்து, பன்னிரண்டு நிமிடம் பிந்தி மறைவதாகக் கடிகாரம் காட்டியது. மூன்று முறை ரிப்பேருக்குக் கொடுத்தார். காலையில் சரியாக ஓடி, சாயங்காலம் மட்டும் முந்துகிற கடிகாரத்தைத் தன் தொழிலில் பார்த்ததில்லை என்று ரிப்பேர்காரர் கைவிரித்தார். மாமனார் கொடுத்த சீரைக் குறை சொல்ல வாத்தியாருக்கு மனசு வரவில்லை. நோட்டில் ‘க.கோ.’ என்று, அதாவது கடிகாரக் கோளாறு என்று, இருபத்தேழு வருஷம் எழுதிக்கொண்டே வந்தார்.

சீரோடு வந்த பெண் கனகமாலா. ஆரணியிலிருந்து வந்த கல்யாண வேன் வழியில் நின்றுபோய், மணப்பெண் புகுந்த வீட்டுப் படியேறும்போது மணி ஏழே முக்கால். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. இனி விடிந்தால்தான் சாப்பாடு என்று மனதைத் தேற்றிக்கொண்டு வலதுகாலை எடுத்து வைத்தவளுடைய முகத்தில் வெயில் அடித்தது. மாமியார் இன்னும் அவள் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லிப் பழகவில்லை. அதற்குள் இந்த வீடு அவளையும் ஓர் ஆளாக எண்ணிவிட்டிருந்தது. கனகமாலா அப்போது அழுத அழுகையைப் பிறந்தவீட்டைப் பிரிந்த அழுகை என்று எல்லோரும் நினைத்தார்கள். அது சந்தோஷம். அந்த வீட்டின்மேல் அவளுக்கு உயிர்.

இப்போது வீட்டுக்கு வந்த ஆபத்துக்கு வருவோம். வீட்டில் பாதி ஜினசந்திரனுக்கு, பாதி அவருடைய செத்துப்போன அண்ணன் மகன் நவீனுக்கு. ஏழு வயதில் தாய் தகப்பனை இழந்த பிள்ளையைக் கனகமாலாதான் வளர்த்தாள். நவீனுக்கு இப்போது இருபத்தெட்டு வயது. செங்கம் சாலையில் ஒரு சின்னக் கஃபே வைத்து, வெளிநாட்டுக்காரர்களுக்கு பாஸ்தாவும் உள்ளூர்க்காரர்களுக்குக் காளான் தோசையும் போட்டுக்கொண்டிருந்தான். பொழுது சாய்ந்தால் சாப்பிடக் கூடாது என்கிற வழக்கத்தை எப்போதோ விட்டாயிற்று. கடையைப் பூட்டிய பிறகு அங்கேயேதான் அவனுக்கு ராத்திரிச் சாப்பாடு. வீட்டை இடித்து ஆறு மாடி கட்ட லாட்ஜ்காரர் ஒருவர் வந்தபோது அவன் சரி என்றான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் ஜனம் படுக்க இடமில்லாமல் ரோட்டில் படுக்கிற ஊரில் அவன் பேச்சிலும் நியாயம் இருந்தது.

“வெளிச்சம் நல்லாத்தான் இருக்குது சித்தி, நான் இல்லன்னு சொல்லல. ஓடு ஒழுவுது, சுவரு உப்புது. வெளிச்சத்த வெச்சுக்கினு என்னா பண்றது?” என்றான்.

“இந்த வெளிச்சத்துலதான்டா நீ சாப்ட்டு வளந்த” என்றாள் கனகமாலா.

பேச்சு வளர்ந்து, கடைசியில் ஓர் உடன்பாடு ஆயிற்று. பாரம்பரியக் கட்டிடப் பட்டியலில் வீடு ஏறிவிட்டால் அதை யாரும் இடிக்க முடியாது. கார்த்திகை முதல் தேதிக்குள் பட்டியலில் ஏறாவிட்டால் ஜினசந்திரன் கையெழுத்துப் போடுவதாக வாக்குக் கொடுத்தார். அப்பாண்டை நயினார் வம்சத்தில் வாக்கு என்றால் சூரியனே கட்டுப்படும், வாத்தியார் எம்மாத்திரம்?

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் விண்ணப்பம் கொடுத்தார்கள். பார்வையிட இருவர் குழு வந்தது. ஒருவர் பொறியாளர் வித்யாலக்ஷ்மி, பெரிய கோயில் குருக்கள் வீட்டுப் பெண். இரண்டு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவள், பள்ளிக்கூட நாளில் இந்த முற்றத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். ஆனால் பணியிலிருக்கும்போது பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும் என்பது விதி. இன்னொருவர் சம்பந்தமூர்த்தி, ஓய்வுபெற்ற பேராசிரியர், எதையும் நம்பாமல் இருப்பதற்கே படித்தவர். முதல் முறை காலை பதினொரு மணிக்கு வந்தார்கள். வீட்டை அளந்தார்கள். ஓட்டுக்கூரை பாதி மாற்றப்பட்டது, தூண்கள் எட்டில் இரண்டு சிமெண்ட், கட்டிடக்கலையில் தனிச்சிறப்பு எதுவும் இல்லை என்று எழுதினார்கள். சாயங்காலம் வந்து பாருங்கள் என்று வாத்தியார் கெஞ்சியதால் புரட்டாசியில் மறுபடி வந்தார்கள்.

அங்கேதான் இந்தக் குடும்பம் மட்டுமே செய்யக்கூடிய தவறு நடந்தது. வந்தவர்களுக்கு ஐந்து மணிக்கே இலை போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவரைப் பசியோடு உட்கார வைக்க அவர்களுக்குத் தெரியாது. பேராசிரியர் அவரைக்காய்க் கூட்டை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்ததால் சூரியன் சாதுவாக மறைந்தது. கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்த பேராசிரியர், பஞ்சாங்கத்தைவிடப் பதினோரு நிமிடம் ஜாஸ்தி காட்டுகிறதே, அற்புதம் என்பது இதுதானா என்று கேட்டார். “இல்லீங்க சார், அது கடிகாரக் கோளாறு” என்றார் ஜினசந்திரன். கணக்கு வாத்தியார் சொன்னதைச் சரிபார்க்க யாரும் செல்போனை எடுக்கவில்லை. நேர்மையும் சில சமயம் காலை வாரிவிடும்.

வித்யாலக்ஷ்மிக்குத் தாங்கவில்லை. கடைசியாக ஒரு முறை வருவதற்கு அனுமதி வாங்கினாள். தேதி அமைந்தது ஐப்பசிப் பௌர்ணமியில். இந்த முறை யாராவது ஒருவர் சாப்பிடாமல் இருந்தால் போதுமே என்றார் வாத்தியார். தானே இருப்பதாகச் சொல்லி முந்தின வாரம் பரீட்சையும் செய்து பார்த்தார். சூரியன் அவரைச் சட்டை செய்யாமல் மறைந்துவிட்டது. உபவாசம் இருக்கிறவர்களுக்காக அது நிற்பதில்லை. வேண்டுமென்று கிடக்கிற பட்டினியையும் சாப்பாட்டுக்கு வழியில்லாத பசியையும் அந்த வீட்டுக்கு நன்றாகவே பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது. அப்படியென்றால் விவரம் தெரியாத யாரையாவது பசியோடு கூட்டிவந்து உட்கார வைக்கலாம் என்றார். கனகமாலா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, பசிச்சவங்கள உக்கார வெச்சு வேடிக்க காட்டியா வீட்டக் காப்பாத்தணும்? அப்படிக் காப்பாத்துனா அப்புறம் அது இந்த வீடா? போறதுன்னா போவட்டும். கடைசிப் பௌர்ணமி, வர்றவங்க அத்தன பேருக்கும் நான் ஆக்கிப் போடுறேன்.”

வாத்தியாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அரிசி மூட்டையைத் தூக்கிவந்து போட்டார்.

ஐப்பசிப் பௌர்ணமி அன்று பெரிய கோயிலில் அன்னாபிஷேகம். அண்ணாமலையாருக்கே சோற்றால் அலங்காரம். கிரிவலக் கூட்டம் மதியத்திலிருந்தே பொங்கியது. தேரடி வீதியில் தடுப்புக் கட்டியதால், எந்த நாளும் ஆடுகூட எட்டிப்பார்க்காத அந்தச் சந்து வழியாகப் போலீசார் ஜனத்தைத் திருப்பிவிட்டார்கள். கதவு திறந்திருந்தது, சாம்பார் மணந்தது, கேட்க வேண்டுமா? இருபது பேருக்கு என்று தொடங்கியது இருநூறாயிற்று. திண்டிவனத்துக்காரர்கள் வந்தார்கள், சித்தூர்க்காரர்கள் வந்தார்கள், தடுப்புக் கட்டிய போலீஸ்காரரே வந்தார். கனகமாலா அடுப்பைவிட்டு நகரவில்லை. சமண வழக்கப்படி தண்ணீரைத் துணியில் வடிகட்டி வடிகட்டி அவள் கை சுருங்கிப்போயிற்று. முகமோ கல்யாணப் பெண்ணுடையதுபோல் இருந்தது. காசியம்மாள் பூக்கூடையைப் போட்டுவிட்டுப் பரிமாற வந்தாள். வித்யாலக்ஷ்மியும் பேராசிரியரும் கூட்டத்தில் நசுங்கி நாலரைக்கு வந்து சேர்ந்து, ஐந்து மணிக்குச் சாப்பிட்டு முடித்தார்கள். ஐந்தரைக்குப் பாத்திரங்கள் காலி. வந்தவர் அனைவரும் சாப்பிட்டாயிற்று. இன்றைக்கும் ஒன்றும் நடக்கப்போவதில்லை. வித்யாலக்ஷ்மி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றாள்.

ஐந்து நாற்பத்தாறுக்கு ஊரில் பொழுது சாய்ந்தது. சந்தில் விளக்கு எரிந்தது. கிழக்கே பௌர்ணமி நிலா எழும்பியது. முற்றத்தில் வெயில் அடித்தது.

முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. ஆறு மணிக்குக் காசியம்மாள்தான், “ஏம்மா, இன்னும் போவலியே!” என்று கத்தினாள். வீடே குதித்தெழுந்தது. பேராசிரியர் இது பக்கத்து லாட்ஜின் விளக்கு என்று சொல்லி மாடிப்படியேறினார். ஓட்டுக்கு மேலே நிலவு, கீழே குனிந்தால் வெயில். இறங்கினார், ஏறினார், இறங்கினார். நாலாவது தடவை படியிலேயே உட்கார்ந்து தன் வழுக்கையைத் தொட்டுப் பார்த்தார்; சுட்டது. வித்யாலக்ஷ்மி விழுந்தடித்து ஓடி முற்றத்துக் கல்தொட்டியின் நிழலை நாடா பிடித்து அளந்தாள், படம் எடுத்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்து முழுக்க ஜனம் எட்டிப்பார்த்தது. கிரிவலம் போக வந்தவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சந்தையும் முற்றத்தையும் மாறிமாறி மிதித்துப் பார்த்தார்கள். ஆனால் படிவத்தில் பதினோராம் இனம் ஒன்று இருந்தது. கட்டிடத்தின் தனிச்சிறப்பு நேரத்தோடு தொடர்புடையது என்றால் அதன் தொடக்கத்தையும் முடிவையும் நேரில் பார்த்துக் குறிக்க வேண்டும். தொடக்கம் குறித்தாயிற்று. சூரியன் மறைந்தால்தான் படிவம் முடியும். மறைய வேண்டுமானால் சாப்பிடாத ஆள் யார் என்று தெரிய வேண்டும்.

“யாரு சாப்டல? கைய தூக்குங்க! வெட்கப்படாதீங்க!” என்று காசியம்மாள் தெருவுக்கே கேட்கக் கூவினாள். யாரும் தூக்கவில்லை. போலீஸ்காரர் விசில் ஊதிக் கேட்டார். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை எழுப்பிப் பால் கொடுத்தார்கள். பூனைக்குக்கூட மோர்ச்சோறு வைத்தார்கள். சூரியன் அசையவில்லை. மணி ஆறரை ஆயிற்று. அப்போதுதான் சந்து முனையில் லாட்ஜ்காரரோடு நவீன் நிற்பதை யாரோ பார்த்தார்கள். இவன்தான், வேறு யார் என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. என்ன இருந்தாலும் வீட்டுப் பிள்ளை. வீடு அவனுக்காக நிற்கிறது. நாலு பேர் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தார்கள். அடிச்சட்டியில் ஒட்டியிருந்த சாம்பார் சாதத்தைச் சுரண்டி வைத்தார் வாத்தியார். முன்னூறு பேர் பார்க்க நவீன் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டான். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். சூரியன் நின்ற இடத்தில் நின்றது.

“நான் நாலு மணிக்கே கடையில சாப்ட்டேன்னு சொன்னனே, யாரு கேட்டீங்க?” என்றான் நவீன்.

வளர்த்தவள் பழக்கியபடி, தட்டைக் கழுவ அவன் உள்ளே எடுத்துப் போனான். சமையலறையில் எல்லாச் சட்டியும் கவிழ்ந்து கிடந்தது. கனகமாலா சுவரில் சாய்ந்து, இனி யாராவது வந்தால் கொடுக்கலாம் என்று ஒரு சொம்பு மோரை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று ஒரு கவளம்கூட எடுத்து வைத்திருக்கவில்லை. நவீன் தட்டோடு அப்படியே நின்றான்.

“சித்தி, நீங்க சாப்டீங்களா?”

கனகமாலா யோசித்தாள். காலையில் கஞ்சி குடித்த ஞாபகம் இருந்தது. இல்லை, கஞ்சியை ஊற்றி வைத்தபோது அரிசி வந்தது, பிறகு கஞ்சியைக் குடித்தது பூனை.

“மறந்தே பூட்டேன்டா” என்றாள்.

இருபத்தோரு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவன் அவளிடம் கேட்டது அதுவே முதல் தடவை. நவீன் சட்டைக்கையை மடித்தான். உறியில் ஒரு கிண்ணம் மாவு இருந்தது. கடையில் தினம் நூறு தோசை ஊற்றுகிறவன்தான், ஆனாலும் முதல் தோசை கிழிந்துவிட்டது. இரண்டாவது நன்றாக வந்தது. முற்றத்து நடுவில் வெயிலில் மணை போட்டு அவளை உட்கார வைத்து, அவனே பரிமாறினான். இத்தனை பேர் பார்க்க எப்படிச் சாப்பிடுவது என்று அவள் கூச்சப்பட்டாள். முன்னூறு பேரும் மரியாதையாகத் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார்கள். மூன்று தோசை சாப்பிட்டாள். கடைசி வாயை விழுங்கி மோரைக் குடித்ததும், கல்தொட்டியின் நிழல் சரசரவென்று நீண்டு கிழக்குச் சுவரில் ஏறியது. சூரியன் இறங்கியது. எல்லாச் செல்போனிலும் மணி ஏழு பதினான்கு. ஜனம் அரோகரா போட்ட சத்தத்தில் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் தவறவிட்டார்.

இருட்டில் ஒருவர் மட்டும் அசையாமல் நின்றார். வாத்தியார்தான். விளக்கைப் போட்டதும் நேராக அலமாரிக்குப் போய் நோட்டுகளை இறக்கினார். தொண்ணூற்றெட்டு ஆனியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம், க.கோ., க.கோ., க.கோ. கனகமாலா தங்கை கல்யாணத்துக்கு என்று ஆரணி போயிருந்த ஐந்து நாட்களில் மட்டும் நேரம் சரியாக இருந்தது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பாத்திரம் ஒழித்துவிட்டு, அவள் கடைசியாக உட்கார்ந்து அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்ள ஆகும் நேரம் பத்து, பன்னிரண்டு நிமிடம். வீட்டில் யாரும் கவனிக்காத அதைச் சூரியன் மட்டும் இருபத்தேழு வருஷமாகக் கவனித்து, தினமும் நின்று போயிருக்கிறது. கணக்கு வாத்தியார் நோட்டை மூடி, “கடிகாரத்து மேல தப்பே இல்ல கனகா” என்றார்.

மறுநாள் காலை நவீனே லாட்ஜ்காரரிடம் போய் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தான். கார்த்திகை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னதாக வீடு பட்டியலில் ஏறியது. இப்போது வாசலில் ஒரு நீலப் பலகை இருக்கிறது. இது பாதுகாக்கப்பட்ட கட்டிடம், இங்கே சூரியன் மறையும் நேரம் மாறுதலுக்கு உட்பட்டது, சுவரில் பெயர் எழுதுவது தண்டனைக்குரியது என்று அதில் இருக்கிறது. ஓட்டை நவீன் மாற்றிக் கொடுத்தான். தினமும் ஐந்து மணிக்குக் கஃபேயை வேலையாளிடம் விட்டுவிட்டு வந்து அவன் பரிமாற, மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சென்ற மாதம் ரிப்பேர்காரர் அந்தப் பக்கம் வந்தவர், சீர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, பஞ்சாங்கத்தைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டு, இதைச் சரிசெய்த ஆள் யார் என்று பொறாமையோடு விசாரித்தார். நவீன் அவருக்கும் ஒரு தட்டு வைத்தான்.